ஆச்சியின் முகம் 64 கட்டத்துக்குள் வரமாட்டேன் என்கிறது, நிறத்தில் எங்கே தப்பு?

கேள்வி: கட்டம்போட்டவள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பகலில் மருந்துக்கடையில் பில் போடும் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லேப்டாப்பில் ஏஸ்பிரைட் என்கிற பிக்சல் படம் போடும் மென்பொருளைத் திறந்து மவுஸால் படம் போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லித்தந்த கிராஸ் ஸ்டிச்தான் தொடக்கம். கட்டம் எண்ணிப் போடுகிற அந்தப் பழக்கத்தில் பிக்சல் ஆர்ட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மரம், ஓட்டு வீடு, ஆட்டுக்குட்டி எல்லாம் ஓரளவு வருகிறது. முகம் மட்டும் வரவில்லை.

இப்போது போடுவது என் ஆச்சியின் முகம். வயது 81. காதில் இன்னும் பாம்படம் போட்டிருக்கிறாள். எங்கள் தெருவில் பாம்படம் போட்டவர்கள் இப்போது இவளையும் சேர்த்து இரண்டே பேர். அதனாலேயே இந்த ஒரு படத்தையாவது சரியாகப் போட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது.

போட்டோ நான் எடுத்ததுதான். சாயங்காலம், எங்கள் வீட்டுத் திண்ணை. படத்தில் பார்க்க இடது கன்னத்தில் மேற்கு வெயில் நன்றாக விழுகிறது, வலது பக்கம் நிழல். திண்ணை பழைய சிவப்புச் சிமெண்ட்.

அளவு 64க்கு 64. இணையத்தில் ஒரு பாடத்தில் இருந்த தோல் நிறங்களை எடுத்துக்கொண்டேன். அது வெள்ளைக்காரர்கள் தோலுக்குப் போட்டது. ஆச்சி நல்ல மாநிறம், நிழலில் கறுப்பாகவே தெரிவாள். அதனால் அந்த நிறங்களின் பிரைட்னஸை மட்டும் குறைத்துக் குறைத்துக் கீழே கொண்டுவந்தேன். பத்தாத இடத்தில் இடைநிறம் சேர்த்தேன். எண்ணிப் பார்த்தால் பழுப்பிலேயே 23 நிறம் ஆகிவிட்டது. முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வர வெளிச்சம் கூட்டியிருக்கிறேன். சுருக்கங்களை ஒவ்வொரு கோடாகப் போட்டேன்.

முடித்துப் பார்த்தால் முகத்தில் புழுதி அப்பின மாதிரி இருக்கிறது. வாயோரக் கோட்டினால் கோபமாக இருப்பது போலவும் தெரிகிறது. அவள் கோபப்படுகிற ஆளே இல்லை. போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது யாரு?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறத்தை எப்படிப் பிடிப்பது? சுருக்கத்தை எப்படிப் போடுவது? பாம்படம் தங்கமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திரும்ப முதலிலிருந்து போடவும் தயார்.


பதில்: அச்சுமை

தங்கச்சி, நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருபது வருஷமாக நிறம் பார்க்கிற ஆள். காலண்டர்தான் முக்கிய வேலை. பிக்சல் படம் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஆனால் நீங்கள் சொன்ன "புழுதி அப்பின மாதிரி" என்கிற வார்த்தையை வேலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதனால் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ப்ரூஃபில், அதாவது சோதனை அச்சில், முகம் அழுக்காக வந்தால் நாங்கள் முதலில் சயான் என்கிற நீல மையையும் கறுப்பையும்தான் பார்ப்போம். நம்மூர்த் தோலைத் தாங்குவது மஞ்சளும் மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு மையும். சயான் அளவாகத்தான் இருக்க வேண்டும். தோல் கறுப்பாக இருக்கிறதே என்று கறுப்பு மையைக் கூட்டினால் முகம் செத்துப்போகும். நீங்கள் பிரைட்னஸை மட்டும் குறைத்ததும் அதே வேலைதான். பீச் நிறத்தில் கறுப்பைக் கரைத்த மாதிரி. மாநிறம் என்பது வெள்ளைத் தோல் இருட்டில் நிற்பது இல்லை. அது தனி நிறம், அதற்குத் தனி வரிசை வேண்டும்.

அந்த 23-ஐயும் அழித்துவிட்டு ஆறே நிறத்தில் தொடங்குங்கள். ஏஸ்பிரைட்டில் எச்எஸ்வி ஸ்லைடர் இருக்கும். நான் வைத்திருக்கிற வரிசையை அப்படியே தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்: முதலில் ஹியூ (360 பாகை நிறவட்டத்தில் எந்த இடம் என்பது), அடுத்து சாச்சுரேஷன் (நிறத்தின் செறிவு), கடைசியில் பிரைட்னஸ் (வெளிச்சம்).

340, 50, 16
355, 52, 28
10, 55, 42
20, 56, 58
28, 50, 74
36, 36, 90

முதல் எண்ணைக் கவனியுங்கள். அடியில் திராட்சைத் தோல் மாதிரி ஒரு ஊதாச் சிவப்பு. மேலே வர வர செங்கல், அப்புறம் பழுப்பு, கடைசியில் வெயில் பட்ட மஞ்சள். இருட்டாகும்போது நிறமும் கூடவே நகர வேண்டும். நகராமல் நின்றால் அதுதான் புழுதி.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டான்பிரிங்கர் என்ற பெயரில் எழுதுபவர் போட்ட 16 நிறப் பேலட்டை (நிறத் தொகுப்பை) நிறைய பேர் பயன்படுத்துகிறார்கள், டிபி16 என்பார்கள். அதில் நடுப் பழுப்பு ஒன்று: சிவப்பு 133, பச்சை 76, நீலம் 48. அதற்குக் கீழே நிழலுக்கு வருவது: சிவப்பு 68, பச்சை 36, நீலம் 52. முதலாவதில் பச்சை நீலத்தைவிட அதிகம், நிழலில் நீலம் பச்சையைத் தாண்டிவிட்டது. வெறுமனே கறுப்பு கலந்திருந்தால் அப்படி ஆகாது. பிகோ-8 என்கிற குட்டி கேம் மென்பொருளின் பேலட்டை எடுத்துவிடாதீர்கள். அதன் அடிப்படை 16 நிறத்தில் பழுப்பு ஒன்று, வெளிர் பீச் ஒன்று, இடையில் தோலுக்கென்று எதுவுமே இல்லை. அதில் நம் முகம் போட நிறையச் சிரமப்படணும்.

இன்னொன்று, எச்எஸ்வியில் இருக்கும் பிரைட்னஸ் எண்ணை நம்பாதீர்கள். மஞ்சள் 100-ம் நீலம் 100-ம் கண்ணுக்கு ஒரே வெளிச்சமா? இல்லையே. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் பழைய வீடியோ கணக்கில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 தான் மதிப்பு. கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. ஆகவே படத்தின் நகல் ஒன்றை எடுத்து கிரேஸ்கேலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆறும் ஆறு படியாகத் தெரிய வேண்டும். இரண்டு படி ஒட்டிக்கொண்டால் ஒன்றைத் தூக்கிவிடுங்கள். அது சும்மா இடத்தை அடைக்கிறது.

நிழல் பக்கத்துக்கு வருகிறேன். நீங்களே விடையை எழுதியிருக்கிறீர்கள்: சிவப்புச் சிமெண்ட். வெயில் பட்ட திண்ணை கீழிருந்து ஆச்சியின் தாடைக்கு அடியில் சிவப்பை வீசியிருக்கும். போட்டோவைப் பெரிதாக்கி அந்த இடத்தைப் பாருங்கள். தாடையின் அடியோரத்தில் இரண்டாம் நிறத்துக்குப் பதில் மூன்றாம் நிறத்தில் ஒரே ஒரு வரிசை, ஐந்தாறு கட்டம் வைத்தால் போதும், முகம் கழுத்திலிருந்து பிரிந்து முன்னால் வரும். நெற்றியின் நிழல் பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும், அங்கே கொஞ்சம் நீலச்சாம்பல். தலைமுடிக்கு எப்படியும் ஒரு நீலச்சாம்பல் வேண்டும், அதையே அங்கேயும் வைக்கலாம்.

வெள்ளை முடிக்கு வெள்ளை போடாதீர்கள். 230, 18, 45. 220, 10, 68. 40, 6, 90. இந்த மூன்றே போதும். கடைசியில் உள்ளது வெயில் பட்ட இடத்துக்கு.

டிதரிங், அதாவது இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து இடைநிறம் போலக் காட்டுவது, அதைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறேன், அதனால் முந்திக்கொள்கிறேன். நாங்கள் அச்சடிக்கிற ஒவ்வொரு முகமும் புள்ளிதான், லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் காலண்டரில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசை, 175 வரிசை புள்ளி இருக்கும். கண் அதைக் கலந்துவிடும். உங்கள் 64 கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக நிற்கும். ஆச்சி கன்னத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளி வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரிதான் தெரியும். வேண்டாம்.


பதில்: எட்டுக்கெட்டு

அக்கா, நிறத்தை அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் கோயம்புத்தூரில் மொபைல் கேமுக்கு ஸ்பிரைட், அதாவது கேமில் வரும் ஆள், பொருள்களின் சின்னப் படங்கள் போடுகிறேன். உங்கள் பிரச்சினையில் பாதி நிறம் இல்லை, வடிவம்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு வெளிச்சம் கூட்டியதாகச் சொன்னீர்கள். அதற்குப் பில்லோ ஷேடிங் என்று பெயர். எந்தப் பக்கமிருந்தும் வெளிச்சம் வராத ஒரு முகம் அப்படித்தான் உப்பி நிற்கும். உங்களிடம் மேற்கு வெயில் இருக்கிறது! முதலில் இரண்டே நிறத்தில் முகத்தை இரண்டாகப் பிரியுங்கள், வெயில் பட்டது, படாதது. மூக்குத்தண்டின் ஓரம், கண்குழி, கன்னத்து எலும்பின் கீழ், தாடை, இப்படி அந்த எல்லை வளைந்து வளைந்து இறங்கும். அந்த ஒரு எல்லைக்கோடு சரியாக வந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனக்கு ஒரு முகத்தில் பாதி நேரம் இதற்கே போகிறது.

அப்புறம் சுற்றுக் கோடு. கன்னம் வளையும்போது படிக்கட்டு தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள், கிராஸ் ஸ்டிச் போட்டவருக்கு எண்ணச் சொல்லித்தர வேண்டாம். நீளங்கள் 5, 3, 2, 1, 1, 2, 3, 5 என்று குறைந்து கூட வேண்டும். 5, 2, 3, 1, 2 என்று தடுமாறினால் கன்னம் உடைந்து தெரியும். கறுப்புக் கோட்டையும் எடுத்துவிடுங்கள். வெயில் பக்கம் நாலாம் நிறம், நிழல் பக்கம் முதல் நிறம், பின்புலம் தானே அடர்ந்திருக்கிற இடத்தில் கோடே வேண்டாம்.

சுருக்கத்தை யாரும் கோடாகப் பார்ப்பதில்லை. அது ஒரு மடிப்பு, மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே கொஞ்சம் நிழல். மூக்கிலிருந்து வாயோரம் வரும் மடிப்புக்கு அக்கம்பக்கத்தைவிட ஒரே ஒரு படி அடர்ந்த நிறத்தில் நாலு கட்டம் வையுங்கள், வாய்க்கு எட்டுமுன் நிறுத்திவிடுங்கள். வாய்வரை இழுத்ததால்தான் கோபம் வந்திருக்கும். உதடு சேரும் கோட்டை முழுக்க அடர்த்தியாகப் போடாமல், இரண்டு மூலையில் மட்டும் இரண்டாம் நிறம், நடுவில் மூன்றாம் நிறம். மூலைக் கட்டத்தை ஒரு வரிசை மேலே தூக்கினால் சிரிப்பு. நெற்றிச் சுருக்கம் மூன்று இருந்தால் ஒன்றைப் போடுங்கள்.

கண்ணுக்கு உங்கள் அளவில் ஆறு கட்டம் அகலம், மூன்று உயரம் கிடைக்கும். மேல் வரிசை இமை, முதல் நிறம். நடு வரிசையில் இரண்டு கட்டம் கருவிழி, அதன் இரு பக்கமும் வெள்ளைக்குப் பதிலாக முடியின் நடுச்சாம்பல். கீழ் வரிசை தோலிலேயே ஒரு படி அடர்த்தி, அவ்வளவுதான். வெயில் பக்கக் கருவிழியில் ஒரு கட்டத்தை மட்டும் வெளிச்சமாக்குங்கள். வயதானவர்களின் கருவிழியைச் சுற்றி நீலச்சாம்பலாக ஒரு வளையம் வரும், பார்த்திருப்பீர்கள். கருவிழியில் மீதி இருக்கிற கட்டத்துக்கு அந்த அடர்ந்த நீலச்சாம்பலை வைத்துப் பாருங்கள். என் தாத்தா படத்தில் அந்த ஒரு கட்டம்தான் அவருக்கு வயதைக் கொடுத்தது, பத்துச் சுருக்கம் போட்டும் வராதது.

தங்கம் என்பது நிறம் இல்லை அக்கா, திடீர் மாற்றம். தோலில் அடர்த்தியிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாகப் போவோம். உலோகத்தில் இருட்டுக்கும் பளிச்சுக்கும் நடுவே படியே இருக்கக் கூடாது. பாம்படம் உருண்டை, கட்டி, தட்டு என்று கணக்கு வடிவங்களாக அடுக்கியதுதானே, பிக்சலுக்கென்றே செய்த நகை. உருண்டைக்கு மூன்றுக்கு மூன்று கட்டம்: இடது மேலே ஒரு கட்டம் பளிச் மஞ்சள், அதை ஒட்டி ஐந்தாம் தோல் நிறம், வலது கீழே நேராக இரண்டாம் நிறம். ஒரே ஒரு மஞ்சள் புதிதாகச் சேர்த்தால் போதும், மீதியைத் தோலிலிருந்தே எடுக்கலாம்.


பதில்: கறுப்புவெள்ளை

இத்தனை நிறம் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தோலுக்கு ஆறு, முடிக்கு மூன்று, மஞ்சள் ஒன்று, சேலைக்கு இரண்டு, பின்புலம் ஒன்று: பதின்மூன்று. கேம் பாய் என்கிற பழைய கைவிளையாட்டுக் கருவியில் மொத்தமே 4 ஷேட், திரை 160க்கு 144 கட்டம்.

1984-இல் மேக்கிண்டாஷ் வந்தபோது அதன் ஐகான்களைப் போட்டவர் சூசன் கேர். 32க்கு 32 கட்டம், கறுப்பு அல்லது வெள்ளை, சாம்பல்கூடக் கிடையாது. கட்டம்போட்ட தாளில் கட்டங்களை நிரப்பித்தான் அவர் தொடங்கினார். ஸ்டீவ் ஜாப்ஸின் முகத்தையே அந்த 32 கட்டத்துக்குள் போட்டிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் அவர்தான் என்று தெரியும்.

நிறத்தைத் தொடும் முன் ஆச்சியை ஒருமுறை 32 கட்டத்தில், கறுப்பு வெள்ளையில் மட்டும் போட்டுப் பாருங்கள். அதில் தெரியாத ஆச்சி பதின்மூன்று நிறத்திலும் தெரியமாட்டார். நான் இதைப் பிடிவாதமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறம் நம் தப்பை மறைத்துக் காட்டிவிடும்.


பதில்: கட்டம்போட்டவள்

அண்ணாச்சி, தம்பி, கறுப்புவெள்ளை, மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் 32 கறுப்பு வெள்ளைதான் போட்டேன். நாலு ராத்திரி. கட்டம்போட்ட நோட்டில் பென்சிலால் நிரப்பினேன், மவுஸைவிட அது எனக்கு வேகமாக வந்தது. போட்டபோதுதான் ஒன்று தெரிந்தது. ஆச்சி முகத்தை ஆச்சி முகமாக்குவது சுருக்கம் இல்லை. கன்னம் ஒட்டி உள்ளே போயிருக்கிற அந்தக் குழியும், பாம்படக் கனத்தில் தோள்வரை இறங்கின காதும்தான். பழைய படத்தில் அந்தக் காதுக்கு நாலே கட்டம் கொடுத்திருந்தேன். இப்போது பதினொன்று. காதுத் துளைக்குள் வெயில் தெரிகிறது, ஆகவே துளையின் நடுவே பின்புல நிறம்.

பிறகு 64-க்கு வந்தேன். அண்ணாச்சியின் ஆறு நிறத்தை வைத்ததும் ஆள் உயிரோடு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் கிரேஸ்கேலில் பார்த்தபோது ஆச்சியின் வெயில் கன்னம் போட்டோவில் இருப்பதைவிட ரொம்ப வெளுத்துத் தெரிந்தது. அதனால் ஆறாம் நிறத்தை 36, 40, 82 என்று இறக்கிவிட்டு, அதையும் நெற்றி, மூக்குநுனி, கன்னத்து எலும்பு மூன்று இடத்தில் மட்டும் வைத்தேன். மொத்தம் ஒன்பது கட்டம். அவளை வெளுப்பாக்கிக் காட்ட எனக்கு மனசில்லை. இண்டெக்ஸ்ட் மோடில் (ஒவ்வொரு கட்டமும் பேலட்டில் உள்ள நிறத்தின் எண்ணை மட்டும் வைத்திருக்கும் முறை) இருந்ததால் பேலட்டில் ஒரு நிறத்தைத் திருத்தினதும் படம் முழுக்க மாறிவிட்டது. இந்த வசதியை இத்தனை நாள் நான் தொட்டதே இல்லை.

தாடைக்கு அடியில் சிவப்பு நிஜமாகவே இருக்கிறது. எத்தனையோ தடவை பார்த்த போட்டோ, அது என் கண்ணில் பட்டதே இல்லை. ஆறு கட்டம் வைத்தேன்.

தம்பி சொன்ன மாதிரி கண்ணில் நீலச்சாம்பல் கட்டம் வைத்ததும் நான் கொஞ்ச நேரம் மவுஸை எடுக்கவே இல்லை. அவ்வளவு அவளாக இருந்தது.

போனில் காட்டினேன். இந்தத் தடவை யாரென்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் பாம்படத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "மூக்குத்தி இந்தப் பக்கமா? நான் வலப்பக்கம்லா போட்டிருக்கேன்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. தப்பு தெரிகிறதா என்று பார்க்கப் படத்தை நடுவே ஒருமுறை இடவலமாகத் திருப்பியிருந்தேன். திருப்பிவைக்க மறந்து, அதிலேயே மீதி வேலையையும் முடித்திருக்கிறேன். ஷிஃப்ட் எச் ஒரே அழுத்து, சரியாகிவிட்டது. ஆனால் இப்போது இடது கண் கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது.

இன்னொரு சந்தேகம். அத்தை, சித்தி எல்லாரும் படம் கேட்கிறார்கள். போனில் அனுப்பினால் ஓரமெல்லாம் மங்கிப்போகிறது.


பதில்: எட்டுக்கெட்டு

ரொம்பச் சந்தோஷம் அக்கா. ஏற்றுமதி செய்யும்போது முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குங்கள். 64-ஐ 16 மடங்காக்கி 1024, பிஎன்ஜி. 1000 என்று வட்டமாக வைத்தால் சில கட்டம் 15, சில கட்டம் 16 அகலம் ஆகி முகம் கோணும். ஜேபெக் வேண்டவே வேண்டாம். அனுப்பும்போது படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போது சுருக்காது.

கண் கீழே இருப்பது திருப்பினதால் வந்ததில்லை. ஒரே பக்கம் பார்த்துப் பார்த்துப் பழகின கண் இப்போதுதான் அதைப் பிடித்திருக்கிறது. ஆனால் தொடுமுன் போட்டோவோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஆச்சிக்கே அந்தக் கண் ஒரு கட்டம் இறங்கியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.


பதில்: கட்டம்போட்டவள்

பார்த்துவிட்டேன் தம்பி. போட்டோவிலும் இறங்கித்தான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.